அடுப்படியில் ஒரு ஜெபம்

ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ ஓடிவிடுகிறதே என்று நம்மில் பலர் வருந்துவதுண்டு.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோலா எர்மான் என்று ஒரு போர்வீரர் இருந்தார். போரில் காயம்பட்டவர், பிறகு 1640-இல் பாரிசில் கார்மேல் சபைத் துறவியரின் மடம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சகோதரர் லாரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கொடுத்த வேலை சமையல். அவருக்குப் பிடிக்காத வேலை அது.

அந்த வேலையையே அவர் ஜெபமாக்கிக்கொண்டார். பாத்திரங்களுக்கு நடுவே நின்றபடி, பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசினார். மனம் அலைந்தால் நொந்துகொள்ளவில்லை. மெல்ல அதை ஆண்டவர் பக்கம் திருப்பினார். இது ஒரே நாளில் கைகூடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் தவித்தார். 1691-இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய கடிதங்கள் புத்தகமாகி, இன்றும் பலருக்கு வழிகாட்டுகின்றன.

நாமும் அவரைப் போல முயலலாம். காலை ஜெபம் கட்டாயம் வேண்டும். ஆனால் 'ஆமென்' சொன்னதோடு ஆண்டவரிடம் விடைபெற்றுவிட வேண்டாம். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்பீர்களே, அப்போது "ஆண்டவரே, கூடவே இருங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அடுப்படியே உங்கள் ஜெப அறை.