எழுதியவனின் வேலை

(ஊத்துக்கோட்டையில் ஆற்றப்பெற்ற உரை)



எழுதுகிறவனின் சோற்றில் கைவைக்கும் வழக்கம் புதியதன்று. அஞ்சல்துறையில் பணியாற்றிய துரை. மாணிக்கம் 'பெருஞ்சித்திரனார்' என்னும் புனைபெயரில் எழுத வேண்டியிருந்தது. அப்பெயரும் அவரைக் காக்கவில்லை; இந்தித் திணிப்பை எதிர்த்த எழுத்துக்காக வேலூர்ச் சிறை புகுந்தார். அன்று எழுத்துக்குத் தாளும் அச்சகமும் வேண்டும். இன்றோ, இரவுப் பணி முடித்தவன் பேருந்தில் அமர்ந்தவாறே முகநூலில் நான்கு வரி எழுதிவிடுகிறான். பொழுது விடியுமுன் அது மேலாளரின் கைப்பேசியை அடைகின்றது. கொண்டு சேர்ப்பவன் பெரும்பாலும் உடனுழைப்பவனே!

தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், தொழிற்சங்க ஈடுபாடுடையவர், உடன் பணியாளர்களின் புலனக் குழுவிலே ('வாட்சாப்பு' என்று சொன்னால்தான் சிலருக்கு விளங்குகின்றது!) மேலலுவலர்களைக் குறைகூறி எழுதினார். வங்கி குற்றக் குறிப்பாணை நீட்டியது. 2023-இல் சென்னை உயர்முறைமன்ற மதுரைக் கிளையின் நடுவர் சுவாமிநாதன் அதனைத் தள்ளினார். மனக்குறையைக் கொட்டித் தீர்க்கும் உரிமை ஊழியனுக்கு உண்டு. வீட்டினுள் பேசினால் குற்றமாகாதது, வெளியார் நுழையாத குழுவில் பேசினால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது அவர் முடிவு. நிறுவனத்தின் நற்பெயர் கெடும் அளவிற்குச் சென்றால் மேலாண்மை தலையிடலாம் என்றும் வரம்பிட்டார். திரிபுராவில் ஓய்வுபெறும் தறுவாயில் முகநூற் பதிவுக்காக இடைநீக்கப்பட்ட அரசூழியப் பெண்மணியின் வழக்கிலும், அரசுப் பணியில் இருப்பதனாலேயே பேச்சுரிமை அற்றுப்போவதில்லை என்று 2020-இல் அம்மாநில உயர்முறைமன்றம் உரைத்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டா! இவ்விருவர் கையிலும் ஒரு தாள் இருந்தது. அரசோ அரசு சார்ந்த வங்கியோ கையொப்பமிட்ட தாள். அதனைக் காட்டித்தான் அவர்கள் முறைமன்றப் படியேறினர். அரசூழியனை உசாவலின்றி நீக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆனால், ஆரணியாற்றங்கரையிலிருந்து நாள்தோறும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் என்ன இருக்கின்றது? அவனை எவரும் 'நீக்குவது' இல்லை. "நாளை முதல் வரவேண்டா" என்று ஒப்பந்தக்காரன் வாயால் சொல்கிறான். வாயிற்காவலன் நுழைவட்டையை வாங்கிக்கொள்கிறான். குற்றம் இன்னதென்று எழுத்தில் இல்லை, உசாவல் இல்லை. எழுதியதற்காக நீக்கப்பட்டான் என்பதற்கே சான்றில்லை! பேச்சுரிமையைத் தரும் 19-ஆம் பிரிவும் பெரிதும் அரசை நோக்கியே பேசுகின்றது. தனியார் ஆலையின் வாயிலில் அது தானே வந்து நிற்பதில்லை.

ஆகவே, வாயால் நீக்கப்பெற்றவன் அன்றைக்கே தன் முறையீட்டை எழுதி, ஒப்பந்தக்காரனுக்கும் ஆலைக்கும் விரைவஞ்சலில் விடுத்தல் வேண்டும்; படியைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புதல் வேண்டும். வருகைச் சான்று, ஊதியச் சீட்டு, தான் எழுதிய பதிவின் படி ஆகியவற்றை அழியாமல் வைத்துக்கொள்ளல் வேண்டும். அச்சத்தால் பதிவை அழித்துவிடுகிறவனே மிகுதி. அவன் எழுதியது ஆலையின் புகையைப் பற்றியா, மிகைநேர ஊதியத்தைப் பற்றியா, ஒருவர் பிறப்பை இழித்தா என்பதனைப் பின்னர் எவர் அறிவார்? மூன்றாவது வகையை எழுதியவனுக்காக எவரும் வழக்காட வேண்டா. முதலிரண்டையும் எழுதியவனுக்கு அந்த அஞ்சல் ஒப்புகைச் சீட்டே முதல் தாள்.