சொல்லை மீட்டுத் தருவோரும் அவர்தம் குரலும்



சொல்லின் சுவையைப் பேசுவதற்கென்றே பத்தாண்டுகளாகக் கூடிவரும் அவை இது. இங்கே சொல்லுக்குப் பஞ்சமில்லை. வந்து குவியும் சொற்களுள் எதை விடுவது என்பதே கவிஞரின் கவலை. ஒரே ஒரு சொல் நாவில் வந்து அமர்வதற்காக மாதக்கணக்கில் காத்திருப்போரும் உலகில் உளர். அவர் அருகில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டோரும் உளர். பின்னவரைப் பேச்சுப் பயிற்சியாளர் என்பர். மக்கள் வழக்கில் ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’. அவர்தம் தொழிலையும், அத்தொழிலில் நின்றவாறே தம் உடலையும் உள்ளத்தையும் அவர்கள் காத்துக்கொள்ளப் படும் பாட்டையும் கவிஞர் அவையில் எடுத்துரைப்பது பொருந்தாத செயலாகாது. இரு சாராருக்கும் கருவி ஒன்றே.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தார். உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாகப் பிறக்கும் என்பது அவர் காட்டும் முறை. கல்லூரி வகுப்பறைகளில் அவ்வியல் பெரும்பாலும் தேர்வுக்குரிய பகுதியாகவே கழிந்துபோகிறது. பேச்சுப் பயிற்சியாளரின் சிறிய அறையிலோ அது நாள்தோறும் உயிருடன் நிகழ்கிறது. அண்ணப்பிளவோடு பிறந்து அறுவை மருத்துவம் முடிந்த குழந்தை பகரத்தைச் சொல்ல முயல்கிறது. காற்று மூக்கின் வழியே நழுவ, பகரம் வலுவிழந்து மகரத்தின் சாயலைப் பெறுகிறது. பயிற்சியாளர் குழந்தையின் மூக்கின் கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடிக்கிறார். அதில் ஆவி படிந்தால் காற்று வழிதவறிற்று என்பது பொருள். வல்லினத்திற்கும் மெல்லினத்திற்கும் உள்ள வேறுபாட்டை இத்துணை எளிதாகக் காட்டும் கருவி எத்தனை தமிழ்த்துறைகளில் இருக்கிறது என்று கேட்டால், விடை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் இத்துறைக்கு முறையான கல்வி அமைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. 1965ஆம் ஆண்டு மைசூரில் நடுவணரசால் நிறுவப்பெற்ற அகில இந்திய பேச்சு மற்றும் கேள்வி நிறுவனம் இத்துறையின் தாய்வீடு எனலாம். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், உரிய பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டோரே இத்தொழிலைச் செய்யலாம் என வரையறுத்தது. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். இறுதி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், நாட்டின் மக்கள்தொகையை நோக்க இவர்தம் எண்ணிக்கை மிகச் சிறிது. பெரிய மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் ஓரத்தில் ஓர் அறையும் அதில் ஒருவரும் இருப்பதே பல இடங்களில் வழக்கம். அறுவை மருத்துவர்க்கு உடன்பேச வேறோர் அறுவை மருத்துவர் இருப்பார். செவிலியர்க்கும் அவ்வாறே. பேச்சுப் பயிற்சியாளர்க்கோ, தம் ஐயத்தைத் தம் தொழில்மொழியில் பேசித் தெளிய அக்கட்டடத்தில் மற்றொருவர் இருப்பது அரிது. நாள் முழுதும் பேசிக்கொண்டே இருப்பவரின் தனிமை இது.

அவர் எதிர்கொள்ளும் மற்றோர் இடர் தமிழறிஞர் கருதத்தக்கது. அவர் பயின்ற நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. அந்நூல்களின் சொற்பட்டியல் அம்மொழியின் ஒலிகளுக்கு அமைந்தவை. அவற்றில் ழகரத்திற்கு இடமேது? படங்களில் ஆப்பிளும் பனிமனிதனும் இருப்பர். உசிலம்பட்டிக் குழந்தைக்குப் பனிமனிதன் யார்? ஆகவே முருங்கைக்காய், உரல், ஆட்டுக்குட்டி, தாத்தாவின் துண்டு எனப் படங்களைத் தாமே வரைந்தும் வெட்டி ஒட்டியும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியாளர் பலர். அடுத்து எழுவது எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளி. பேச்சே வராத குழந்தைக்குத் ‘தண்ணீர்’ என்று கற்பிப்பதா, ‘தண்ணி’ என்று கற்பிப்பதா? ‘தண்ணி’ என்பதே தக்கது. குழந்தை அச்சொல்லைத் தன் வீட்டில் கேட்கிறது. கேட்பதைத்தான் திருப்பிச் சொல்லும். சில பெற்றோர் இதனை ஏற்பதில்லை. செந்தமிழ் கற்பிக்கப் பணம் கொடுத்ததாக எண்ணி வருந்துவர். வேறு சிலர், நான்கு வயதுப் பிள்ளைக்கு ழகரம் திருந்தவில்லை என்று அழைத்து வருவர். உதடுகளால் பிறக்கும் ஒலிகள் குழந்தைக்கு முதலில் வாய்க்கும். நாவை வளைத்தும் அதிரவைத்தும் பிறப்பிக்கும் ஒலிகள் பிந்தியே வாய்க்கும். மேடையேறிப் பேசும் பெரியோர் பலர்க்கே கைகூடாத ழகரத்தை நான்கு வயதில் எதிர்பார்ப்பது சற்று மிகை.

கவிஞர்கள் தங்கி நோக்கவேண்டிய இடம் பக்கவாதத்தால் சொல்லிழந்தோரின் நிலை. 1861ஆம் ஆண்டு பாரிசில் பால் புரோகா என்னும் மருத்துவர், ‘டான்’ என்னும் ஒரே அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர்தம் மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருக்கக் கண்டார். பேச்சிற்கு மூளையில் இடமுண்டு என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. 1874இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையைக் காட்டினார்: சொற்கள் தடையின்றி ஓடும், பொருள்தான் பிடிபடாது, கேட்கும் சொல்லும் விளங்காது. முதல் வகையினர்க்கு அறிவு மங்குவதில்லை. என்ன சொல்லவேண்டும் என்பது உள்ளத்தில் தெளிவாக நிற்கிறது, சொல்தான் வருவதில்லை. இந்நிலையில் உள்ளவரைக் குழந்தை போலவும் அறிவு குன்றியவர் போலவும் நடத்துவது, நோயினும் கொடிய துன்பத்தைத் தருவது.

இவருள் சிலரிடம் ஒரு விந்தை உண்டு. தண்ணீர் வேண்டும் எனக் கேட்க இயலாதவர், ஒன்று முதல் பத்து வரை தொடங்கிக் கொடுத்தால் தாமே எண்ணி முடிப்பார். இளமையில் மனப்பாடம் செய்த செய்யுளின் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தால் அடுத்த அடி தானே வந்து விழும். பாட்டும் வரும். பேச இயலாதவர் பாடுவதைக் கேட்கும் குடும்பத்தார் திகைத்துப்போவர்; நோய் நடிப்போ என ஐயுறுவாரும் உண்டு. இராகத்தோடு கூடிய சொல்லுக்கு மூளையின் வலப்பகுதியும் துணைசெய்கிறது என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறிஞர் மூவர் 1973இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். சிறு தொடர்களை ஏற்ற இறக்கத்தோடு இசைத்து, இடக்கையால் தாளம் தட்டச் செய்து, பின்னர் இசையை மெல்ல மெல்ல விலக்கிப் பேச்சாக்குவது அம்முறை. எல்லார்க்கும் அது பயன்படுவதில்லை. பயன்படும் இடத்தில், ஓசையை முன்னிறுத்திச் சொல்லை அதன்பின் வரச்செய்யும் வேலையை அங்கே காணலாம். யாப்பு அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் பயிற்சியாளர் ஒருவரின் நாளை எண்ணிப் பார்க்கலாம். காலை ஒன்பதரைக்குத் திக்குவாய் உடைய கல்லூரி மாணவர். நேர்முகத் தேர்வு நெருங்குகிறது, தம் பெயரின் முதலெழுத்திலேயே நின்றுவிடுகிறார். பத்தேகாலுக்கு, இன்னும் ‘அம்மா’ எனச் சொல்லாத மூன்று வயதுச் சிறுவன். அவன் தாய் ஒவ்வொரு முறையும் கேட்கும் வினா ஒன்றே: ‘எப்ப பேசுவான்?’ பதினொன்றுக்குப் பக்கவாதம் கண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பதாண்டு வகுப்பறையில் முழங்கிய குரல், இப்போது மனைவியின் பெயரைத் தேடுகிறது. நண்பகலுக்குள் மூன்று உலகங்கள். ஒவ்வொன்றிலும் அவர் முழுமையாக இருத்தல் வேண்டும். முன்னறையின் துயரம் அடுத்தவரிடம் முகத்தில் தெரியலாகாது. ஒலியை மிகைப்படுத்திக் காட்டுவதும், செவித்திறன் குறைந்தோர்க்கு உரத்துச் சொல்வதும், தரையில் அமர்ந்து ஆட்டுக்குட்டியாகக் கத்துவதும் அவர் கடமை. வெளியே வரிசையின் இரைச்சல். மேலே மின்விசிறியின் முனகல்.

பிறர் குரலைத் திருத்துபவரின் குரலே முதலில் பழுதுபடுகிறது. பேசும்போது ஆடவர்க்கு நொடிக்கு நூற்றுக்கு மேலும், பெண்டிர்க்கு இருநூறை ஒட்டியும் குரல்நாண்கள் அதிர்கின்றன. இத்தொழிலில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் நோக்கத்தக்கது. ஆசிரியர், பாடகர், சந்தையில் கூவி விற்போர்க்கு வரும் அதே கரகரப்பு இவர்க்கும் வரும். நோயாளியிடம், ‘அடிக்கடி நீர் பருகுங்கள், தொண்டையைச் செருமாதீர்கள், குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் குரல்நாண்களை வருத்தும்’ எனச் சொல்பவர், தம் மேசைமேல் உள்ள நீர்க்குப்பியை மாலை வரை திறவாதிருப்பார். நடுவில் பத்து மணித்துளி ஓய்வு எடுக்க மனம் வருவதில்லை; வெளியே நெடுந்தொலைவினின்று பேருந்தில் வந்தவர் அமர்ந்திருக்கிறார்.

உள்ளத்தின் சோர்வோ வெளித்தெரியாது. அமெரிக்க உளவியலறிஞர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல், இலவச மருத்துவ நிலையங்களில் ஆர்வத்தோடு தொண்டு செய்தோரிடம் கண்ட ஒருவகைச் சோர்வை, எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதனை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். முதலில் உணர்வு வற்றுகிறது. பிறகு, எதிரே இருப்பவர் மனிதராகத் தோன்றாமல் ஒரு கோப்பாகத் தோன்றுகிறார். தாம் செய்யும் பணியால் பயனேதுமில்லை என்னும் எண்ணமும் வேரூன்றுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டு தன் நோய்ப் பகுப்புப் பட்டியலில் இதனை நோயெனக் கொள்ளாது, பணியிடத்தால் விளையும் நிலை எனக் குறித்தது. அவ்வேறுபாடு சிறிதன்று. குறை ஊழியரின் மனத்திடத்தில் இருப்பதாகக் கொண்டு, அவர்க்கு மூச்சுப்பயிற்சியும் அறிவுரையும் வழங்கி அனுப்பிவிடும் நிருவாகங்கள் உண்டு. ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு, இரைச்சல் புகாத அறை, குறிப்பெழுதத் தனி நேரம் ஆகியவற்றைத் தாராமல் மனநலம் பேசுவது, பட்டினி கிடப்பவனுக்கு மெல்லுதலின் பயனை விளக்குவது போன்றது.

இத்தொழிலில் பயன் மெதுவாகவே விளைகிறது. அறுவை மருத்துவர் ஒரு காலையில் காணும் மாற்றத்தைப் பேச்சுப் பயிற்சியாளர் ஓராண்டில் காண்பார்; சில நேரங்களில் காணாமலும் போவார். பயன் விளைந்தாலோ, அவர் வேண்டாதவர் ஆகிவிடுகிறார். ஆத்திரேலியாவின் அடிலெய்டில் 1880இல் பிறந்த லயனல் லோக், முதல் உலகப்போரில் பேச்சுத் தடுமாறித் திரும்பிய வீரர்க்குப் பெர்த் நகரில் பயிற்சி அளித்தவர். 1924இல் இலண்டன் சென்றார். 1926 முதல், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகனின் திக்குவாய்க்குப் பயிற்சி அளித்தார். 1939 செப்டம்பர் 3ஆம் நாள் மன்னர் நிகழ்த்திய போர்க்கால வானொலி உரையின்போது உடனிருந்தார். 2010இல் வெளிவந்த ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ திரைப்படம் அவ்வுரையோடு முடிந்துவிடுகிறது. படத்தில் வாராத ஒன்று உண்டு. 1944 கிறித்துமசு உரையின்போது லோக் மன்னரருகில் இல்லை. தம் வீட்டில் இருந்து வானொலியில் கேட்டார். பதினெட்டாண்டுப் பணியின் வெற்றி அந்த இல்லாமையில் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் மனைவி மறைந்தார். அரண்மனை வரை சென்ற புகழ், அந்த வெறுமையை நிரப்பவில்லை என்பதையும் அவர்தம் வரலாறு காட்டுகிறது. 1953இல் காலமானார்.

நெடுங்காலம் இத்தொழிலில் நிலைத்திருப்போரிடம் சில பழக்கங்களைக் காணலாம். ஒருவர் சென்று மற்றவர் வருவதற்கு இடையே கைகழுவும் வழக்கத்தைச் சிலர் மனத்திற்கும் ஆக்கிக்கொள்கின்றனர். அந்த ஒரு மணித்துளியில் முன்னவரைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவர். ‘எப்ப பேசுவான்?’ என்பதற்குப் பொய்யான நாள் குறிப்பதில்லை. ‘சென்ற மாதம் திரும்பிப் பார்க்கவில்லை, இம்மாதம் பெயர் சொன்னால் திரும்புகிறான்’ எனக் கண்டதை மட்டும் சொல்வர். பொய் நம்பிக்கை கொடுத்தவரே பின்னர் அதன் வட்டியையும் சுமக்கவேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் பிற ஊரிலுள்ள தம் துறையினரோடு கலந்து பேசுவோர் மற்றவரைவிடத் தளராதிருக்கின்றனர். இளையோர் பலர், நோயாளியின் தோல்வியைத் தம் தோல்வியாக எண்ணி வருந்துவதை இப்பேச்சே பெரிதும் குறைக்கிறது.

வீட்டில் அவர்கள் வேண்டுவது பெரும்பாலும் மௌனம். அது குடும்பத்தார்க்கு விளங்குவதில்லை. ஊரார்க்கெல்லாம் பேச்சுக் கற்றுத்தருபவர் வீட்டில் வாய் திறப்பதில்லை என்று குறைகூறுவர். செவியோ ஓய்வறியாது. திருமண வீட்டில் உறவினர் நலம் கேட்கும்போதும், அவர்தம் ரகரம் எங்கே வழுக்குகிறது என்று அது கணக்கெடுத்துக்கொண்டிருக்கும். இசை கேட்போரும், தோட்டம் இடுவோரும், திருத்தவேண்டாத சொல்லைக் கேட்பதற்காகவே கவியரங்கின் கடைசி வரிசையில் வந்து அமர்வோரும் உண்டு.

பயிற்சி அறையில் ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர்முன் ஒரு படம் வைக்கப்படுகிறது. அவர் வாய் திறக்கிறது, மூடுகிறது. அருகிருக்கும் மகன் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடத் துடிக்கிறார். பயிற்சியாளர் கையால் தடுக்கிறார். ஐந்து நொடி, பத்து நொடி. காத்திருத்தலில் அவர்க்கு இருக்கும் தேர்ச்சி, வேறெத்தொழிலிலும் காணற்கரியது. அதற்குச் செலவாகும் ஆற்றலை எந்தச் சம்பளப் பட்டியலும் கணக்கில் கொள்வதில்லை. வீட்டில் இத்தகைய நோயாளி உடையோர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. சொல்லை முந்திக்கொண்டு முடித்துவைக்காமல், குறுந்தொடர்களில் பேசி, அந்தப் பத்து நொடியை வீட்டிலும் கொடுக்கலாம். பயிற்சியாளரின் தொலைபேசிக்கு இரவு எட்டு மணிக்குமேல் அழைக்காதிருப்பதும் அவ்வுதவியில் அடங்கும்.