ஜெர்ஸி நகரத்துக் கமலா

கமலா என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் நேயர்களுக்குத் தாமரையும் திருமகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. வடநாட்டுப் பள்ளிகளில் நம் வீட்டுக் கமலாக்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘கம்லா’ ஆகிவிடுவதையும், சில மாதங்களில் அக்குழந்தைகளே தம் பெயரை அவ்வாறு சொல்லத் தொடங்குவதையும் நேயர்களில் பலர் கண்டிருப்பர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கமலா நம்மூர்ப் பெண் அல்லள். அமெரிக்கப் படக்கதை ஒன்றின் நாயகி. பதினாறு வயதுச் சிறுமி. முழுப்பெயர் கமலா கான். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஜெர்ஸி நகரில் பிறந்தவள். அவள் பெயர் தாமரையைக் குறிப்பதன்று. ‘கமால்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. முழுமை என்பது அதன் பொருள்.

மார்வெல் நிறுவனத்தின் படக்கதை ஒன்றில் 2013-ஆம் ஆண்டு இவள் முதன்முதலாகத் தலைகாட்டினாள். 2014-இல் ‘மிஸ் மார்வெல்’ என்ற பெயரில் இவளுக்கென்றே தனி இதழ் தொடங்கியது. முஸ்லிம் ஒருவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு அந்நிறுவனம் வெளியிட்ட முதல் தனி இதழ் அதுவே. பாகிஸ்தானியப் பெற்றோரின் மகளாக நியூஜெர்ஸியில் வளர்ந்த பதிப்பாசிரியை சனா அமானத், தம் பிள்ளைப் பருவத்துச் செய்திகளைச் சக பதிப்பாசிரியர் ஸ்டீபன் வாக்கரிடம் பேசிக்கொண்டிருந்ததில் இக்கதையின் கரு தோன்றியது. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி ஜி. வில்லோ வில்சன், படம் வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. முதல் தொகுதி 2015-இல் ஹ்யூகோ விருது பெற்றது.

ஜெர்ஸி நகரம் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் நியூயார்க்கின் மாளிகைகள் மின்னுகின்றன. படக்கதை வீரர்கள் எல்லோரும் வழக்கமாக அந்த எதிர்க்கரையிலேதான் வசிப்பார்கள். இக்கரையில் வசிப்பவர்கள் வேலைக்குப் போய்த் திரும்புகின்றவர்கள். கமலாவின் தந்தை யூசுப் வங்கி ஊழியர். தாய் முனீபா மகளின் நடமாட்டத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பவர். அண்ணன் ஆமீர் தொழுகையில் மிகுந்த நாட்டமுடையவன். இரவில் வெளியே போகக் கூடாது, நம் வழக்கம் வேறு, அவர்கள் வழக்கம் வேறு என்பன போன்ற பேச்சுகள் அவ்வீட்டில் நாள்தோறும் நிகழ்பவை. மொழியையும் மதத்தையும் மாற்றிவிட்டால் அது கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ உள்ள ஒரு வீடாகிவிடும் என்றே நமக்குத் தோன்றியது.

பள்ளியில் ஜோயி என்றொரு மாணவி இருக்கிறாள். பொன்னிறக் கூந்தல், எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவாள். முக்காடு அணிந்த தோழி நக்கியாவிடம், உன்னை வீட்டில் வற்புறுத்துகிறார்களா என்று பரிவோடு விசாரிப்பவளும் அவளே. பெற்றோர் தடுத்தும் கேளாமல் கமலா ஓர் இரவு விருந்துக்குச் செல்கிறாள். அங்கே ஜோயி, குற்றமாக நினைக்காதே என்ற முன்னுரையோடு, உன்மேல் கறிமசாலா வாசனை அடிக்கிறது என்று கூறி விலகி நிற்கிறாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கக் கூசிய பிள்ளைகள் நம்மவரிலும் உண்டு. ஆதலின் இந்த இடத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை.

அவமானத்தோடு வீடு திரும்பும் வழியில் விந்தையான மூடுபனி ஒன்று அவளைச் சூழ்கிறது. மயங்கி விழுந்தவளுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. அவள் தெய்வமாகப் போற்றும் வீராங்கனை கேப்டன் மார்வெல் வானிலிருந்து இறங்கி வருகிறாள். வந்தவள் ஆங்கிலத்திலா பேசுகிறாள்? அமீர் குஸ்ரோவின் பாடலைச் சொல்கிறாள்! கடுகுப்பூ மலர்ந்த வசந்தத்தைப் போற்றும் அந்தப் பாடலை தில்லி நேயர்கள் நிஜாமுத்தீன் தர்காவில் வசந்தத் திருநாளன்று கேட்டிருக்கலாம். குஸ்ரோ அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். அமெரிக்கச் சிறுமியின் கனவில் அமெரிக்க வீராங்கனை தில்லிக் கவிஞரின் சொற்களைப் பேசுகிறாள். கனவிலும் தன் வீட்டு மொழி விட்டுப் போகவில்லை என்பதைச் சிறுமி அறியாள், கதையாசிரியர் அறிவார்.

என்ன வேண்டும் என்று அவ்வுருவம் கேட்கிறது. உன்னைப் போல் ஆக வேண்டும் என்கிறாள் கமலா. அப்படியே ஆகிறது. கண்விழித்துப் பார்த்தால் வெள்ளை மேனி, பொன்னிறக் கூந்தல், தொடைவரை ஏறும் காலணி. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் கூந்தல் முகத்தில் விழுந்து மறைக்கிறது, காலணி கடிக்கிறது, உடை உறுத்துகிறது. அந்நேரம் ஜோயி ஆற்றில் விழுகிறாள். ஓர் உயிரைக் காத்தவர் மானுடம் முழுவதையும் காத்தவருக்கு ஒப்பாவர் என்னும் கருத்துடைய திருமறை வசனம், தந்தை வழக்கமாகச் சொல்வது, அவளுக்கு நினைவு வருகிறது. கையொன்று பனைபோல் நீண்டு, முறம்போல் விரிந்து, ஜோயியைத் தண்ணீரிலிருந்து அள்ளி எடுக்கிறது. காப்பாற்றியவளின் முகம் ஜோயியின் முகத்தைப் போன்றதே. இந்த இடத்து வேடிக்கையும் வேதனையும் நமக்கு மிகவும் பிடித்தன.

அவள் ஆற்றல் இதுதான்: உடம்பையோ உடம்பின் ஒரு பகுதியையோ விரும்பியபடி பெருக்கலாம், சுருக்கலாம், நீட்டலாம், பிறர் உருவையும் கொள்ளலாம். நம்மவர்க்கு இது புதிதன்று. அணிமா, மகிமா என்று சித்திகளை எண்ணி வைத்தவர்கள் நாம். சுரசையின் வாய்முன் மலையாய் வளர்ந்து, மறுகணமே சிற்றுருவாய் உட்புகுந்து வெளியேறிய அனுமனைச் சிறுவயதிலேயே அறிந்தவர்கள். ஆயினும் அனுமன் வளர்ந்தபோதும் அனுமனே. கமலாவின் இடர், தான் எவராகவும் ஆகலாம் என்பதில் இருக்கிறது. அன்றியும், கைகால்கள் ஒழுங்கின்றி நீள்வதும் அளவு தப்பிப் பெருப்பதும் அழகான காட்சிகள் அல்ல. பதினாறு வயதில் எந்தப் பெண்ணுக்குத்தான் தன் உடம்பு தன் சொற்படி நடக்கிறது!

வளர வேண்டும்போது அவள் ‘எம்பிகன்’ என்று கூவுகிறாள். ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரில் 1996-இல் விளையாட்டாகப் புனைந்த சொல் இது. 2018-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் ஏற்றுக்கொண்டது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு இத்தகைய சொல் ஒரு நாள் வேலை. ‘ஓங்குக’ என்று போட்டால் காவியமாகிவிடும். ‘பெருகுக’ என்றால் அரசாங்க வாழ்த்துமடல் ஆகிவிடும். குழந்தை வாய்ச்சொல்லாகிய ‘பெரிசாகு’ என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

அடுத்து வருவதே கதையின் அச்சாணி. நண்பன் புரூனோ வேலை பார்க்கும் கடையில் ஒரு திருட்டைத் தடுக்கப் போகும்போது கமலா சுடப்படுகிறாள். அப்போது அவள் கொண்டிருந்தது அந்தப் பொன்னிற முகம். சொந்த உருவுக்குத் திரும்பியதும் காயம் ஆறிவிடுகிறது. அதன்பின் அவள் வேற்று முகத்தை வேடமாக அணிவதில்லை. முஸ்லிம் பெண்கள் நீந்தும்போது அணியும் ‘புர்கினி’ உடையொன்றைத் தைத்துச் சாயமிட்டு, அதையே போர்க்கோலமாக்கிக் கொள்கிறாள். வீட்டார் அவளைப் பள்ளிவாசல் ஷேக்கிடம் கண்டிப்பதற்காக அனுப்புகின்றனர். அவரோ, செய்வதை நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், நல்லதோர் ஆசிரியரைத் தேடிக்கொள் என்று சொல்லி அனுப்புகிறார். இத்தகைய பெரியவர் படக்கதையில் கிடைப்பது அரிது, வெளியேயும் எளிதன்று.

2022-இல் இக்கதை ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வந்தது. கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்த இமான் வெல்லானி கமலாவாக நடித்தார். அதில் ஆற்றலை மாற்றிவிட்டனர்: பாட்டி வழி வந்த காப்பு ஒன்றினால் ஒளி திரண்டு கையாகவும் படியாகவும் உறைகிறது. பார்வைக்கு அழகு, ஆனால் பிறர் முகம் கொள்ளும் ஆசையும் அதைக் கைவிடும் துணிவும் அத்துடன் போய்விட்டன. மாற்றத்தில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் காப்பை முன்னிட்டு 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையும், கராச்சி செல்லும் ரயிலுக்காக நெருக்கியடித்து நின்ற மக்களும் திரையில் வந்தனர். படக்கதையிலும் முன்பே அவள் கொள்ளுப்பாட்டி ஆயிஷா பம்பாயிலிருந்து பெயர்ந்த செய்தி வருகிறது. ஆக, அக்குடும்பம் இருமுறை ஊர் மாறியது. தொடரின் இறுதியில் தந்தை, கமால் என்பதற்கு உருது மொழியில் வியப்பு என்றும் பொருள் உண்டு என்கிறார். அவள் போற்றிய வீராங்கனையின் பட்டப்பெயரும் அதே பொருளது. பிறரிடம் இரவல் வாங்க நினைத்த பெயர், பிறந்த அன்றே அவளுக்கு இடப்பட்டிருந்தது.

இவள் காகிதத்தைவிட்டு வெளியே வந்ததும் உண்டு. 2015-இல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் இடம்பெற்றபோது, யாரோ அவற்றின்மேல் கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தனர். 2023-இல் ஸ்பைடர்மேன் இதழில், மேரி ஜேன் என்ற பெண்ணின் உருவை ஏற்று அவளுக்கு வரவிருந்த குத்தைத் தான் தாங்கிக் கமலா மடிகிறாள். சில வாரங்களிலேயே வேறோர் இதழில் உயிர்த்தெழுந்துவிட்டாள். படக்கதை வியாபாரத்தில் மரணம் நெடுநாள் நிலைப்பதில்லை.

நமக்கு நெஞ்சில் நிற்பது 2015-இல் வந்த ஒரு பகுதி. உலகம் அழியும் தறுவாயில் கமலா தன் இரகசியத்தைத் தாயிடம் சொல்லத் துணிகிறாள். எத்தனையோ இரவுகள் சன்னல் வழியே வெளியேறிய பெண், எத்தனையோ பொய்கள். நடுங்கியபடி சொல்லி முடிக்கிறாள். முனீபா வியப்படையவில்லை. அவருக்கு முன்னமே தெரியும்.