காட்டு ஓர்கிட்டுகளைக் கணக்கெடுத்தல்



நுவரெலியாப் பகுதியில் லீக்சும் கரட்டும் விளையும் பாத்திகள் பலவற்றின் மேற்புறத்தே காடும் பத்தனைப் புற்றரையும் உள. அங்கு வளரும் காட்டு ஓர்கிட்டுகளைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன். மரக்கறிச் செய்கையைப் பேசுமிடத்தில் பூவுக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். அப்பூவை ஆண்டுதோறும் காண்பவர் நீங்களேயாதலால் உங்களிடமே கூறவேண்டியுள்ளது.

நம் தீவில் ஏறத்தாழ 190 இன ஓர்கிட்டுகள் உள. அவற்றுள் 50க்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அழிவை நெருங்கும் தாவரங்கள் எவையென ஆராய்ந்து, சுற்றாடல் அமைச்சு 2012இலும் 2020இலும் சிவப்புப் பட்டியல்களை வெளியிட்டது. அரிதாகத் தோன்றுகின்றது என்பது மட்டும் பட்டியலிற் சேர்க்கப் போதாது. முதிர்ந்த செடிகள் 50க்குக் குறைந்தால் அவ்வினம் மிகக் கடும் ஆபத்திலுள்ளதாகக் கொள்ளப்படும். 250க்குக் குறைந்தாலும் ஆபத்தே. செடிகள் பலவாயினும், அவை வளரும் நிலம் துண்டுபட்டுச் சுருங்கிக்கொண்டே போகுமாயின் அதுவும் கணக்கில் எடுக்கப்படும்.

இக்கணக்கு எளிதன்று. பத்தனையில் மஞ்சட் பூப் பூக்கும் ஓர் ஓர்கிட்டைச் சிங்களத்தில் நாகமரு அல என்பர். இதுவும் நம் தீவுக்கே உரியது. பூவில்லாக் காலத்தில் இதன் ஒடுங்கிய இலை புல்லோடு புல்லாய் மறைந்துவிடும். ஒருநாள் வந்து எண்ணிச் செல்பவர் கண்ணுக்கு அது தப்பலாம். இதன் கிழங்கு வசியத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையால் பலர் தோண்டிச் செல்கின்றனர். பூவைப் பறித்தால் அவ்வாண்டின் விதையே போகும். கிழங்கைத் தோண்டினாலோ செடியே போய்விடும். மீண்டும் விதைத்துக்கொள்ளலாம் என எண்ணவேண்டா. ஓர்கிட் விதை தூசியைப் போன்றது. நெல்மணியிலுள்ளது போன்ற உணவு அதனுள் இல்லை. இயற்கையில் அதற்கேற்ற பூஞ்சணத்தின் துணையின்றி அது வளராது.

மரத்தில் வளரும் ஓர்கிட்டுகளைக் குருவிச்சை என்றெண்ணிச் சுரண்டி எறிவோரும் உளர். குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஓர்கிட்டோ பட்டையைப் பற்றிநிற்பதன்றி அதனை உறிஞ்சுவதில்லை. நிழல்மரத்தின் கிளையை வெட்ட நேர்ந்தால், அதிலுள்ள செடியை அதே நிழலில் வேறொரு மரத்தில் தும்புக் கயிற்றாற் கட்டிவிடுக.

காடு குறைந்ததற்கு நீங்கள் மட்டும் காரணரல்லர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. எஞ்சிய பத்தனைக்குத் தீயிடாதீர். அதனை அடுத்த வரம்பில் களைநாசினி தெளிப்பதையும் தவிர்ப்பீராக. ஓர்கிட்டைக் கண்டால் மாதம், இடம், பூத்த செடிகளின் தொகை ஆகியவற்றைக் குறித்து, உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ ஹக்கலைத் தாவரவியற் பூங்காவிலோ தெரிவிக்கலாம். கிழங்கு தேடி வருவோர்க்கு மட்டும் அவ்விடத்தைக் காட்டவேண்டா.