கணக்கை ஊர் நடுவில் படி! – நூறு நாள் வேலையும் சமூகத் தணிக்கையும்

(பொம்மையார்பாளையத்தில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

   

நூறு நாள் வேலைன்னு சொன்னாலே நம்ம விவசாயிங்கள்ல பாதிப் பேருக்கு முகம் சுருங்குது. "ஆள் கிடைக்கல, களை எடுக்கக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க, மரத்தடியில உக்காந்துட்டுக் காசு வாங்குறாங்க" என்று பேசுகிறோம். பேசுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற நம் வீட்டுப் பெண்கள் அந்த வேலைக்குப் போகிறார்களா இல்லையா? மணிலா போட்டு மழை ஏமாத்தின வருஷம் எதை வைத்து அடுப்பெரிந்தது? அந்த வேலை நம்ம வேலையும்தான். அப்படியானால் அதன் கணக்கும் நம்ம கணக்குத்தான்.

இந்தச் சட்டம் யாரோ மனசு இரங்கிக் கொடுத்ததல்ல. மகாராஷ்டிரத்தில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு வேலை உறுதித் திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. நாடு முழுக்க வேண்டும் என்று போராடிப் போராடி, 2005இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த மாவட்டம் ஆறே ஆறு. அதில் நம்ம விழுப்புரமும் ஒன்று. அன்றைக்குக் கூலி 80 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். இருபது வருஷமாக ஓடுகிற திட்டம் ஐயா. ஊர்க் கணக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

2005 சட்டத்தின் 17ஆம் பிரிவு என்ன சொன்னது? ஊரில் நடக்கும் வேலையைக் கிராம சபை கண்காணிக்க வேண்டும், சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், வருகைப் பட்டியல், பில், வவுச்சர், அளவுப் புத்தகம், அனுமதி உத்தரவு எல்லாவற்றையும் ஊராட்சி அதற்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2011இல் மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரியோடு கலந்து விதிகள் போட்டார்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தணிக்கை. தமிழ்நாட்டில் அதற்கென்றே ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, மகளிர் குழுப் பெண்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு ஊர்ப் பெண் இன்னொரு ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்பார். வேலை நடந்த இடத்தைப் பார்ப்பார். கடைசியில் சிறப்பு கிராம சபையில் படிப்பார்.

நல்ல ஏற்பாடு. நடப்பது என்ன? அந்தப் பெண் வந்து தங்க இடம் கேட்டால், அவர் யாரைத் தணிக்கை செய்ய வந்தாரோ அவர்களே இடம் பார்த்துக் கொடுக்கிறார்கள், சாப்பாடும் அவர்கள் செலவு. கிராம சபை என்று தண்டோராவும் கிடையாது. பத்துப் பேர், ஒரு நோட்டு, கையெழுத்து, ஒரு டீ. முடிந்தது தணிக்கை! தப்பு கண்டுபிடித்து எழுதினாலும் அது மாவட்ட உயர்மட்டக் குழுவுக்குப் போய்த் தூங்குகிறது. பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு வரும், கட்டினாரா என்று ஊருக்குச் சொல்ல ஆள் இல்லை.

திருட்டு எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியாததா? ஒரு கணக்குப் போடுவோம். பட்டியலில் 100 பேர். அதில் 10 பெயர் வேலைக்கே வராத பெயர். ஆள் ஒன்றுக்கு 336 ரூபாய், ஆறு நாள். ஒரே வாரத்தில் 20,160 ரூபாய். ஊர் விட்டுப் போனவர், படுத்த படுக்கையாய் இருப்பவர், வெளியூரில் வேலை பார்ப்பவர் பெயரெல்லாம் இதற்கு ஆகும். அட்டைக்காரருக்கு அதில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டால் அவரும் வாய் திறக்க மாட்டார்.

இன்னொரு வழி ஜே.சி.பி. ராத்திரி ரெண்டு மணி நேரம் மிஷின் ஓடினால் நாப்பது பேர் வேலை முடிந்த மாதிரி. காண்ட்ராக்டரும் கூடாது, ஆள் வேலையைப் பறிக்கிற மிஷினும் கூடாது என்றுதான் சட்டம் போட்டார்கள். இதற்கு நேர் எதிராக, உண்மையாக வெயிலில் வெட்டின தாய்மார்களுக்கு "அளவு குறைஞ்சிருக்கு" என்று கூலியைப் பிடிக்கிறார்கள். யார் அளந்தார், எப்போ அளந்தார், நீளம் எத்தனை, ஆழம் எத்தனை? கேட்டால் "ஓவர்சீயர் போட்டுட்டாரு". வேலை செய்தவர் கண் முன்னால் டேப்பைப் பிடித்து அளந்து, அளவை உரக்கப் படிக்க வேண்டும். இதைக் கேட்பதற்குப் படிப்பு வேண்டாம்.

செல்போனில் படம் பிடித்து ஏற்றினால் திருட்டு நின்றுவிடும் என்றார்கள். 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத் தளத்திலும் கட்டாயம். என்ன ஆச்சு? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், காலையில் ஒரு ஆள் மதியம் வேறு ஆள் என்று. டவர் கிடைக்காத இடத்தில் உழைத்தவளுக்கு ஆப்சென்ட், வராதவனுக்கு பிரசன்ட். ஊர்க்காரன் கண்ணுக்கு ஈடாக எந்த மிஷின் வரும்?

இதில் விவசாயிக்கு என்ன போச்சு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்பார்கள், சரி, தாங்காதுதான். ஆனால் வரத்து வாய்க்கால் தூர்ந்து, கலங்கல் மண்மூடி, கரையில் ஆள் உயரம் கருவேலம் நின்றால் பத்து சென்டிமீட்டருக்கே வயல் மூழ்கும். காகிதத்தில் வெட்டின வாய்க்காலில் தண்ணீர் ஓடாது ஐயா! அந்த வாய்க்காலுக்குப் பணம் எடுத்தாச்சு என்பதால் மறுபடி வேலையும் போட மாட்டார்கள். நஷ்டம் கூலிக்காரருக்கு ஒரு தடவை, நமக்கு ஒவ்வொரு போகமும். சிறு குறு விவசாயி நிலத்தில் பண்ணைக்குட்டை, வரப்பு வேலை செய்யவும் அந்தத் திட்டத்தில் இடம் இருந்தது. யார் நிலத்தில் வெட்டினார்கள், பட்டியல் எங்கே?

இப்போது 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 125 நாள் என்கிறது. காந்தி பெயரை எடுத்துவிட்டார்கள். செலவில் 40 பங்கு மாநிலம் போட வேண்டும். முன்பு கூலிப் பணம் முழுக்க மத்திய அரசு கொடுக்க வேண்டியதாக இருந்தபோதே, 2025 மார்ச்சில் 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று தமிழ்நாடு அரசு சொன்னது. கூலி மாசக்கணக்கில் வரவில்லை. இனி பங்கு பிரிந்தால் நீயா நானா என்று இழுப்பார்களே!

உழவு, அறுவடை நேரத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தலாம் என்கிறது புதுச் சட்டம். நம்மில் சிலர் இதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். நம்ம கரையில் மழைக்காலம் வந்தால் மரக்காணம் உப்பளம் பாத்தி மூடிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தக் குடும்பத்துக்கு வேலை கிடையாது. அதே மாசத்தில்தான் சம்பாவுக்குக் களை. நிறுத்துகிற 60 நாள் அங்கே விழுந்தால் உப்பளத் தொழிலாளி எங்கே போவார்? நம் வயல் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்குமா? மணிலாக்காரருக்கு ஒரு நாள், சவுக்கு வெட்டுக்கு ஒரு நாள், தர்பூசணிக்கு ஒரு நாள் வேண்டும். எந்த 60 நாள் என்பதைக் கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, கிராம சபையைக் கேட்க வேண்டும். இது நம் சங்கத்தின் கோரிக்கை.

சமூகத் தணிக்கை புதுச் சட்டத்திலும் இருக்கிறது. இருப்பதை நடக்க வைப்பது நம் கையில். ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் பொதுவில் பாய் விரித்து உட்கார்ந்து வருகைப் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்தார்கள். "நான் போகவே இல்லையே" என்று ஜனங்க எழுந்து சொன்னார்கள். அதை நடத்திய அமைப்பின் பெயரிலேயே தொழிலாளியும் விவசாயியும் சேர்ந்தே இருக்கிறார்கள்: மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். அதில் முன்னால் நின்ற அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை உதறியவர். அங்கே எழுந்த குரல்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டமாக வந்தது.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், வேலை அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் வாருங்கள். அட்டையில் வரவு ஒன்று, வங்கியில் ஒன்று இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். தனியாகச் சொல்ல பயமாக இருந்தால் பத்துப் பேராகச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் நீங்கள் சொன்னது எழுதப்பட்டதா என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்! தணிக்கைக்கு வரும் பெண்ணுக்குச் சாப்பாடும் தங்க இடமும் சங்கத்து வீடுகளில் கொடுப்போம். அவரை யார் வீட்டுக்கும் கடன்பட விட வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஊராட்சியில் கடந்த வருஷம் நடந்த வேலைகளின் வருகைப் பட்டியல், அளவுப் புத்தக நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதித் தருகிறோம். பெயரும் தெருவும் சொன்னால் போதும், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு சங்கத்தின் செலவு. வேலை கேட்டும் பதினைந்து நாளில் வேலை கிடைக்காதவர்கள் தனி வரிசையில் நில்லுங்கள், வேலையில்லாப் படி கேட்கும் மனுவும் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வரட்டும், ஆம்பிளைங்க கொஞ்சம் வழி விடுங்க.