டிஸ்க் கோணவில்லை, தம்பிகளே!



இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை 1990-இல் திறக்கப்பட்டது. அங்கே சொந்தக் காரை ஓட்டிவிட்டு, நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சார், பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது. டிஸ்க் கோணிப்போச்சு, லேத்துல ஒரு கட்டிங் போடுங்க."

பெரும்பாலும் டிஸ்க் கோணுவதில்லை. சூட்டில் பேடின் பொருள் அதன்மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது. உதறலுக்குக் காரணம் அதுதான்.

வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. 1000 கிலோ காரை 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறக்கினால் சுமார் 417 கிலோஜூல். பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாகிறது. ஒவ்வொரு வளைவிலும் இதே கதை!

என்ன செய்யலாம்? புது டிஸ்க்கும் பேடும் போட்டால், நடுத்தர வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டுப் பழக்குங்கள். ஹப்பில் துருவைச் சுரண்டிவிட்டு டிஸ்க்கை மாட்டுங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நின்றதும் பெடலில் கால் வேண்டாம், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சும்மா சும்மா கட்டிங் போட்டால் டிஸ்க் மெலியும். மெலிந்தது சீக்கிரம் சூடேறி விரிசல் விடும். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள், யோசிக்காதீர்கள். அதே காரில்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பிள்ளைகுட்டிகளோடு போகிறோம்.