அலுவிகாரை ஓலையும் பீடிஎஃப் கோப்பும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போனால், சிறிது தூரத்திலேயே அலுவிகாரை. வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூலான பாளி திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் ஏறியது என்பது மரபு. பிரித்தானியருக்கு எதிரான 1848 கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை. பார்த்துப் படியெடுத்தவர்கள் வேறு இடங்களிலும் இருந்தார்கள்.

இன்று நமது கும்பாபிஷேக மலரும் பாடசாலை ஆண்டு மலரும் சங்க அறிக்கையும் பீடிஎஃப் கோப்பாகத்தான் கைக்கு வருகின்றன. அதிலிருந்து படியெடுக்க முடிகிறதா?

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008இல் சர்வதேசத் தரமானது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். கொழும்பில் திறந்தாலும் கனடாவில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும். அச்சுக்கு இதைவிட வசதியானது கிடையாது. ஆனால் அது முதலில் கவனிப்பது பக்கத்தின் தோற்றத்தை. எந்த உருவம் எந்த இடத்தில் என்பது அதற்குத் தெரியும். அது என்ன எழுத்து என்பது தெரியாமலும் போகலாம்.

தமிழுக்கு இடி விழுவது இங்கேதான். ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் அமைத்த மலரைத் திறந்தால் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். அந்தச் சொல்லைப் பிரதி செய்து வேறிடத்தில் ஒட்டுங்கள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகள் வந்து விழும். தேடினாலும் அகப்படாது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் அமைத்தாலும் சில கோப்புகளில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வேர்டுக்கு மாற்றினால் பந்திகள் வரிவரியாக உடையும், அட்டவணை சிதறும். மாற்றித் தருகிறோம் என்று காசு கேட்கும் மென்பொருள்களும் தமிழில் பெரும்பாலும் தடுமாறுகின்றன.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பீடிஎஃப்பாகக் காத்து வருகிறது. பழைய அச்சுக்கு அது சரியான வழி. இன்று புதிதாகத் தட்டச்சு செய்வதையும் படமாக்கி வைப்பது வீண் வேலை.

என் தீர்ப்பு இதுதான்: பீடிஎஃப் வாசிக்கக் கொடுக்க, அச்சிட. சேமித்து வைக்க வேண்டியது மூலக் கோப்பு. அதை யூனிகோடில் தட்டச்சு செய்து, 2006இல் சர்வதேசத் தரமான ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவில் வையுங்கள். லிப்ரே ஆபிஸ் மென்பொருள் இலவசமாகவே அதைத் தருகிறது. மலர்க் குழுச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சகத்துக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்குமுன், பீடிஎஃப்போடு யூனிகோட் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.